ஏத்தறதுல இருந்து இறக்கற வரைக்கும்

நில்லுங்க தம்பி, நில்லுங்க. அதைக் கையை விட்டு வீசிராதீங்க. பனியே இன்னும் விலகலை, அதுக்குள்ள என்ன அவசரம்? இருபதடி மேல போனா ஒண்ணும் தெரியாது. அப்புறம் அந்தக் கருவேலங்காட்டுக்குள்ள போய்த் தேடிட்டு நிக்கோணும். இப்படி வாங்க, இந்தக் கல்லு மேல உக்காருங்க. சும்மா உக்காருங்க, இது எங்க சைட்டுக் கல்லுதான், நாப்பத்திரண்டாம் நம்பரு. ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

எங்க, இப்படிக் குடுங்க பாக்கலாம். அட, சண்டைப் பிளேனுங்களா! இதுதான் முதல் பிளேனா? அட கடவுளே. கடைக்காரன் வேண்டாம்னு சொல்லலையா? சொன்னானா? சொல்லியும் வாங்கிட்டீங்க. நல்லதுங்க. நானும் அப்படித்தான் வாங்கினேன், உங்களைச் சொல்லி என்ன பண்றது. ரிமோட்டையும் குடுங்க. ஒண்ணும் பண்ணிர மாட்டேன், சும்மா பாக்கறேன்.

நான் வெள்ளிங்கிரிங்க. பல்லடத்துல கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வச்சிருந்தேன், முப்பத்தி நாலு வருசம். மோட்டாரை ஓட விட்டு மேல கையை வச்சாப் போதும், பேரிங் போச்சா, சாஃப்ட்டு வளைஞ்சிருக்கா, தண்ணி எறங்கியிருக்கான்னு சொல்லிருவேன். ஜம்பத்துக்குச் சொல்லலை, அந்தப் பக்கம் ஆரை வேணாலும் கேட்டுப் பாருங்க. முழங்கால் ஒத்துக்கலைன்னு கடையைச் சாத்திட்டு இருந்தப்ப, போன வருசம் மார்கழியில, இந்த சைட்டுல முள்ளு வெட்ட ஆள் விடலாம்னு நானும் என்ற சம்சாரமும் வந்தோம். அவ பேரு துளசிமணி. வந்து பாத்தா, இந்தத் தார் ரோட்டு மேல நாலஞ்சு பேரு பிளேன் விட்டுட்டு இருக்காங்க. சைட்டுப் போட்டு ஏழு வருசமாச்சு, ஒரு வீடு வரலை, ரோடு மட்டும் சும்மா கெடக்குது. பிளேன் விடறவங்களுக்குக் கேக்கோணுமா? முள்ளு வெட்ட வந்தவன் வெட்டி முடிச்சுக் கூலி வாங்கிட்டுப் போயே போய்ட்டான். இவ அண்ணாந்த தலையை எறக்கவே இல்லை. கழுத்துப் புடிச்சுக்கும், வா போலாம்னேன். "ஏனுங்க மாமா, நாமளும் ஒண்ணு வாங்கலாமா?"ன்னா.

அம்பத்தேழு வயசுல கேக்கற கேள்வியா இது? நான் சிரிச்சுட்டேன். ஆனா ஊட்டுக்குப் போய் யோசிச்சுப் பாத்தனுங்க. கட்டிட்டு வந்து முப்பத்தொரு வருசத்துல அவளா வாயைத் தொறந்து எனக்கு இது வேணும்னு கேட்டது அதுதான் முதல் தடவை. நகை கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை, ஒரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேட்டதில்லை. அவங்கப்பன் ஊடு சூலூர்ப் பக்கம். அங்க பட்டாளத்துப் பிளேனெல்லாம் ஓட்டுக் கூரையை ஒரசற மாதிரி எறங்கும். சின்னப் புள்ளையில சோத்து வட்டலோட வெளிய ஓடியாந்து பாப்பாளாம். சரி, கேட்டுட்டா, வாங்கிக் குடுக்கலாம்னு கோயமுத்தூர் போனோம்.

கடையில போய் நின்னா, மேல இருந்து வெள்ளியாட்டம் மின்னிட்டு ஒண்ணு தொங்குது. இதே சாதிதான், இறக்கை கீழ இருக்கும், மூக்கு கூர்ப்பா இருக்கும். கடைக்காரப் பையன், "பழகறவங்களுக்கு இது ஆகாதுங்க, மேல இறக்கை வச்சது, தெர்மாகோல்ல செஞ்சது, மெதுவாப் போறது இருக்குது, அதை எடுத்துக்கங்க"ன்னு சொல்றான். துளசியும் என்ற கைச் சட்டையைப் புடிச்சு இழுக்கறா. நான் கேக்கலை. முப்பத்தி நாலு வருசம் மோட்டாரோட மல்லுக்கட்டினவனுக்குத் தெர்மாகோல் பொம்மையா? வெள்ளியவே குடுன்னேன். அடுத்த நாள் காலைல இதே எடத்துல நின்னு வீசுனனுங்க. சர்ருன்னு மேல போச்சு, ஒரு பொரட்டு பொரண்டுச்சு, நேரா அந்தா தெரியுதுல்ல, அந்த லைட்டுக் கம்பத்துல போய் அடிச்சுது. பின்னால இருந்து துளசி சொல்றா, "பதினொண்ணு." என்ன பதினொண்ணுன்னேன். "பதினோரு செகண்டுங்க மாமா, எண்ணிட்டு இருந்தேன்"ன்னா. சொல்லிட்டு முந்தானையில வாயைப் பொத்திட்டா. எனக்கு வந்த கோவம்!

அடுத்ததை அவளே வாங்கினா. என்கிட்டக் கேக்கவே இல்லை. கடைக்குப் போன் போட்டு, அந்தப் பையன் சொன்ன அதே தெர்மாகோல் பிளேனை பார்சல்ல வரவச்சுட்டா. ஆரஞ்சு இறக்கை, வெள்ளை ஒடம்பு. பாக்கறதுக்கு ஐஸ் வண்டியாட்டம் இருக்கும். இதையெல்லாம் நாலு பேரு பாக்க விடறதான்னு எனக்குக் கூச்சமா இருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லோணும், அது விழுந்தா ஒடையாது. மூக்கு நசுங்கும், பசை போட்டு ஒட்டினா அடுத்த நாளே பறக்கும். அதுலதான் ரெண்டு பேரும் பழகுனோம்.

பழகறதுல எங்க சிக்கல்னு சொல்றேன், கேட்டுக்கங்க, உங்களுக்கும் ஒதவும். பிளேன் நம்மளை விட்டு அக்கட்டால போறப்ப எல்லாம் நேரா இருக்கும். குச்சியை வலது பக்கம் தள்ளினா வலது பக்கம் போகும். திருப்பி நம்மளைப் பாத்து வரும் பாருங்க, அப்ப எல்லாம் தலைகீழு. வலது தள்ளினா நம்ம கண்ணுக்கு எடது பக்கம் போகும். அங்கதான் அத்தனை பேரும் விழறது. நானும் அங்கதான் விழுந்தேன், ஒன்பது தடவை. துளசி ரெண்டே தடவை. மூணாவது நாள் சொல்றா, "ஏனுங்க, ரோசனையே வேண்டாமுங்க. வரும்போது எந்தப் பக்கம் இறக்கை சாயுதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளிட்டாப் போதும். சாயற பந்தலுக்கு முட்டுக் குடுக்கற மாதிரி." நான் இத்தனை வருசம் மெஷினோட பொழங்கினவன், எனக்குத் தோணலை. அது எனக்கு முன்னாலயே தெரியும்னு சொல்லிட்டேன். இன்னொண்ணும் கேட்டுக்கங்க, பிளேன் மேல இருக்கும்போது கண்ணை அது மேல இருந்து எடுக்கவே கூடாது. எறும்பு கடிச்சாலும் சரி, பக்கத்துல ஆரு கூப்பிட்டாலும் சரி. ஒரு நொடி திரும்பிப் பாத்தீங்க, போச்சு. நான் அதுல ரொம்பக் கண்டிசனா இருப்பேன்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதானுங்க. இங்க வர்றவங்க அதை ஒரு சடங்காட்டம் வச்சிருக்காங்க. பக்கத்துல ஆளு நிக்காம, ஆரும் ரிமோட்டைத் தொடாம, கிளப்பி, நாலு சுத்து சுத்தி, ரோட்டு மேல எறக்கோணும். எறக்கிட்டா எல்லாரும் கை தட்டுவாங்க, அப்புறம் அவங்களைப் பழகறவங்கன்னு சொல்ல மாட்டாங்க. துளசிக்கு அதுதான் வேணும். "ஏத்தறதுல இருந்து இறக்கற வரைக்கும் நானே ஓட்டோணும் மாமா. ஒரே தடவை. அப்புறம் நீங்களே வச்சுக்கங்க"ன்னு சொல்லுவா. நானும் சரி சரிம்பேன். ஆனா அவ கையில ரிமோட் இருக்கையில என்னால சும்மா நிக்க முடியாதுங்க. கொஞ்சம் தாழ்ந்து போனாலும் போச்சு போச்சுன்னு கத்தி வாங்கிருவேன். அவ குடுத்துருவா. சண்டை போட மாட்டா. நல்லதுக்குத்தானே தம்பி வாங்கினேன்? விழுந்தா அவளுக்குத்தானே சங்கடம்?

தை முடியறப்ப அந்தக் கோளாறு ஆரம்பிச்சுது. பிளேன் மேல போகும், நேராப் போகும், ஆனா இறக்கை ரெண்டும் நடுங்கும். குளுர்ல நாய்க்குட்டி வெடவெடங்கற மாதிரி. அவ கையில இருந்தா நடுங்கும், நான் வாங்கிட்டா நின்னுரும். எனக்கு அது பெரிய சவாலாப் போச்சுங்க. இறக்கையோட பின்னோரத்துல ஒரு பட்டை மேலயும் கீழயும் அசையும், பாருங்க, உங்களுதுலயும் இருக்குது. அதை அசைக்கறதுக்கு உள்ள ஒரு தீப்பெட்டி அளவு மோட்டார். அதுலதான் கோளாறுன்னு மாத்துனேன். நடுக்கம் நிக்கலை. பிளேனுக்குள்ள சிக்னல் வாங்கற பெட்டியை மாத்துனேன். நிக்கலை. ரிமோட்டையே புதுசு வாங்குனேன். அப்பவும் நிக்கலை.

அப்ப அவ புடிக்கறதுலதான் கோளாறுன்னு முடிவு பண்ணினேன். ஏரியலைக் கையால மறைக்கறியேன்னு திட்டினேன், தள்ளிப் புடிச்சா. இன்னொரு நாளு, வளையல் ஒரசித்தான் சிக்னல் அடிபடுது, கழட்டுன்னுட்டேன். ரெண்டு தங்க வளையல், மீதி கண்ணாடி. எங்க பக்கம் சுமங்கலி வெறுங்கையோட நிக்கறது எத்தனை பெரிய விசயம்னு உங்களுக்குத் தெரியும். ஒரு நிமிசம் என்னையப் பாத்தா. அப்புறம் ஒவ்வொண்ணாக் கழட்டி, இந்தக் கல்லு மேலதான் வச்சா. கழட்டறதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு. நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்? சீக்கிரம் சீக்கிரம், பேட்டரி எறங்குதுன்னு கத்திட்டு இருந்தேன். வெறுங்கையோட ஓட்டுனா. நடுங்குச்சு.

இதுல வீட்டு வேலையில வேற கவனம் போச்சு அவளுக்கு. காப்பி குடுத்தா அரை டம்ளருதான் இருக்கும். ஏன்டி கஞ்சத்தனம்னு கேட்டா சிரிப்பா. வாசல்ல தெனமும் கோலம் போடறவ, ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிட்டா. நான் பாத்துட்டு, பிளேன் கிறுக்குப் புடிச்சா இப்படித்தான்னு பொண்ணுகிட்டப் போன்ல சொன்னேன். பொண்ணு கோகிலவாணி ஒசூர்ல வாத்திச்சியா இருக்குது. அது சரிங்கப்பான்னு வச்சிருச்சு.

மாசி முச்சூடும் பிளேன் என்ற மேசை மேலதான் கெடந்துச்சுங்க. இறக்கை தனியா, வால் தனியா, ஒயரெல்லாம் வெளிய. கோளாறு கண்டுபுடிக்காம ஏத்த மாட்டேன்னுட்டேன். தெனமும் காலைல அவ வந்து மேசைகிட்ட நிப்பா. "நடுங்குனா நடுங்கட்டுமுங்க மாமா. பறக்குதுல்ல, அது போதும். மாட்டிக் குடுங்க. பங்குனி போனா காத்து வந்துருமுங்க"ன்னு சொல்லுவா. நானா கேப்பேன்? கோளாறோட ஒரு மோட்டாரைக் கடையை விட்டு வெளிய அனுப்புனவன் இல்லை நானு. பொறு பொறுன்னேன். அவளும் பொறுத்தா. பங்குனியும் பாதி போச்சு.

பங்குனி கடைசியில ஒரு நாளு எல்லாத்தையும் திருப்பி மாட்டி இங்க கொண்டாந்தேன். ஏத்தறதுக்கு முந்தி, தரையில வச்சு சிக்னல் பாக்கறதுன்னு ஒண்ணு இருக்குது. பிளேன் கீழ இருக்கும், ரிமோட்டைப் புடிச்சிருக்கறவங்க தள்ளிப் போய்ட்டே இருக்கோணும். அவளைத் தள்ளிப் போகச் சொன்னேன். நான் முட்டி போட்டு இறக்கை மேல கையை வச்சுட்டு உக்காந்திருக்கேன். முப்பது எட்டு எடுத்து வச்சுப் போய்ட்டா. கைக்கு அடியில அந்தப் பட்டை நடுங்குது. டிக்குடிக்குடிக்குன்னு, ஒரே சீரா. இது சிக்னல் கோளாறு இல்லையேன்னு தோணுச்சு. சிக்னல் கோளாறுன்னா விட்டு விட்டு வரும். "துளசி, குச்சியில இருந்து விரலை எடு"ன்னேன். எடுத்தா. நின்னுருச்சு. "வை"ன்னேன். வச்சா. நடுங்குது. "எடு." நின்னுருச்சு. "வை." நடுங்குது. கோளாறு எங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. தலையைத் தூக்கிப் பாத்தேன். அங்க நின்னுட்டு இருக்கறா, ரெண்டு கட்டை விரலையும் தூக்கிப் புடிச்சுட்டு, அடுத்து எடுக்கச் சொல்லுவேனா வைக்கச் சொல்லுவேனான்னு என்ற மொகத்தையே பாத்துட்டு. வலது கை விரலு அந்தரத்துல நடுங்குது. முப்பது எட்டுல இருந்து எனக்குத் தெரியுது. ஊட்டுக்குள்ள மூணு எட்டுல தெரியலை.

நான் என்ன சொல்லியிருக்கோணும்? போய் அந்தக் கையைப் புடிச்சிருக்கோணும். நான் சொன்னேன், "ரிமோட்டுத்தான் கோளாறு. இதையும் மாத்தோணும்." அவ, "சரிங்க மாமா"ன்னா.

ஊட்டுக்கு வந்து பொண்ணுக்குப் போன் போட்டேன். அவ கைக்கு என்னாச்சுன்னு தெரியுமான்னு கேட்டேன். அந்தப் பக்கம் அழுகுது. கார்த்திகையிலயே தெரியுமாமுங்க. கண்ணு டாக்டர்கிட்டன்னு சொல்லிட்டு ஆத்தாளும் மகளும் போனது நரம்பு டாக்டர்கிட்ட. நடுக்குவாதம். மாத்திரை போட்டா நோவு மெதுவாத்தான் ஏறும், ஆனா ஏறும்னு சொல்லியிருக்காரு. பிளேன் பாக்கறதுக்கு முந்தியே அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. அதான் கேட்டிருக்கா! முப்பத்தொரு வருசத்துல ஒண்ணும் கேக்காதவ ஏன் கேட்டான்னு எனக்கு அன்னைக்குத்தான் வெளங்குச்சு. என்கிட்ட ஏன் சொல்லலைன்னு பொண்ணைக் கேட்டேன். "அம்மாதான் வேண்டாம்னுச்சு. தெரிஞ்சா அந்த மனுசன் என்னையும் பிரிச்சு மேசை மேல போட்டுருவாருன்னு சொல்லுச்சு"ங்குது. சிரிக்காதீங்க தம்பி. சரி, சிரிங்க. நானும் முதல்ல சிரிச்சேன். சிரிச்சுட்டே இருக்கையில என்னமோ மாதிரி ஆகிப்போச்சு. ஆனா ஒண்ணு, எனக்கு இன்னும் அந்த வெசனம் தீரலைங்க. கட்டினவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்லீங்களா? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?

அப்புறம் எனக்கு ஒரே நெனப்புத்தான். அவ ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுத்துரோணும். கடையில கேட்டேன், ரெண்டு ரிமோட்டை ஒயர் போட்டுச் சேக்கலாமாம். ஓட்டக் கத்துக் குடுக்கறவங்க அப்படித்தான் பண்ணுவாங்க. சொல்லிக் குடுக்கறவன் கையில ஒரு சுவிட்சு. அவன் அமுக்கிப் புடிச்சிருக்கற வரைக்கும் பிளேன் பழகறவங்க சொன்ன பேச்சைக் கேக்கும். விட்டுட்டா இவன் சொன்ன பேச்சைக் கேக்கும். வாங்கிட்டு வந்துட்டேன். சித்திரை பத்தாந்தேதி. அன்னைக்கும் காலைல காத்து லேசா வர ஆரம்பிச்சிருச்சு, அதான் கடைசி நாளுன்னு வையுங்களேன். "துளசி, இன்னைக்கு நீதான். ஏத்தறதுல இருந்து இறக்கற வரைக்கும். நான் சும்மா ஒரு பாதுகாப்புக்கு இதை வச்சுட்டு நிக்கறேன்"ன்னு சொன்னேன். அவ சந்தோசத்தை நீங்க பாத்திருக்கோணும். அன்னைக்கு வளையலைக் கழட்டலை. ஜலுஜலுன்னு சத்தம் கேக்குது, கை நடுங்குதுல்ல.

கிளப்புனா. நல்லாத்தான் கிளம்புச்சு. ரெண்டு பனை உசரம் போனதும் இறக்கை ஆட ஆரம்பிச்சுது. முன்னைவிட எச்சாவே ஆடுச்சு. இந்தப் பக்கம் சாயுது, அந்தப் பக்கம் சாயுது. விழுந்துரும்னு நெனச்சேன். இன்னைக்கும் விழுந்துட்டா இவ எந்திரிக்க மாட்டான்னு நெனச்சேன். மனசு பொறுக்கலீங்க தம்பி. சுவிட்சை விட்டுட்டேன். டக்குன்னு இறக்கை நின்னுருச்சு. நேரா, சுத்தமா, தண்ணியில போற மாதிரி போச்சு. நாலு சுத்து. நான்தான் ஓட்டுனேன். அவ குச்சியை அசைச்சுட்டே நிக்கறா. நான் அவ பக்கம் திரும்பலை. ரோட்டு நடுவுல பூ வைக்கற மாதிரி எறக்குனேன். அந்த மாதிரி நான் முன்னயும் எறக்குனதில்லை, பின்னயும் எறக்குனதில்லை. வந்திருந்தவங்க எல்லாரும் கை தட்டுனாங்க. அக்கா, அருமைங்கக்கா, இனி நீங்க பைலட்டுங்கன்னு சத்தம் போட்டாங்க.

அவ எல்லாருக்கும் கும்பிடு போட்டா. ரிமோட்டைக் கீழ வச்சா. என்கிட்ட வந்து மெதுவா, மத்தவங்களுக்குக் கேக்காம, "நல்லா ஓட்டுனீங்க மாமா"ன்னா.

கோவமாச் சொல்லியிருந்தாத் தேவலைங்க. நெசமாலுமே மெச்சிச் சொல்ற மாதிரிதான் சொன்னா. பிளேன் நடுங்காமப் போனா அது அவ ஓட்டலைன்னு அவளுக்குத் தெரியாதா? உலகத்துலயே அவளுக்குத்தானே நல்லாத் தெரியும்! அது எனக்குத் தோணவே இல்லை பாருங்க. வண்டியில வர்றப்ப, நாளைக்கு ஒயர் இல்லாமப் போலாம் துளசி, விழுந்தா விழுந்துட்டுப் போகுதுன்னேன். "காத்து வந்துருச்சுங்களே"ன்னா. அவ்வளவுதான். வைகாசி, ஆனி, ஆடி எல்லாம் இந்தப் பக்கம் அடிக்கற காத்துல மனுசனே நிக்க முடியாது, பிளேன் எங்க நிக்கும்? மறுபடி காத்து அடங்கறதுக்குள்ள அவ வலது கை வெறைச்சுப் போச்சு. நடுக்கம் கூடக் கொறைஞ்சிருச்சுங்க. விரலு மடங்கறதில்லை. சோறு நான்தான் பெசைஞ்சு வைக்கறேன்.

போன வாரம் அவதான் சொன்னா, எத்தனை நாளைக்கு அதைப் பரண்ல போட்டு வச்சிருப்பீங்க, போய் ஒரு தடவை விட்டுட்டு வாங்கன்னு. தனியா வந்தேன். இங்கதான் நின்னேன். ஆருமில்லை. ஏத்துனேன், நாலு சுத்து சுத்துனேன். அப்புறம் என்ன புத்தியோ, அவ ஓட்டுன மாதிரி ஓட்டிப் பாப்போம்னு தோணுச்சு. வலது கட்டை விரலைக் குச்சி மேல வச்சு நடுக்குனேன். டிக்குடிக்குடிக்குன்னு. இறக்கை ஆடுச்சு, அன்னைக்கு ஆடுன மாதிரியே. சரி, விழட்டும்னு பாத்துட்டே நின்னேன். விழலீங்க. இந்தப் பக்கம் சாயுது, தானா நிமிருது. அந்தப் பக்கம் சாயுது, தானா நிமிருது. ஒரு சுத்து, ரெண்டு சுத்து, நாலு சுத்து. இன்னும் எச்சா நடுக்குனேன். என்ற தோளெல்லாம் வலிக்குது. நடுங்கிட்டே ரோட்டுக்கு எறக்குனேன். குதிச்சுக் குதிச்சு, கோணையா, ஓரத்து மண்ணுல போய் நின்னுச்சு. ஒரு கீறல் இல்லை. கை நிதானம் இல்லாதவங்களுக்காகவே செஞ்ச பிளேனுங்க அது. மாசியில மாட்டிக் குடுத்திருந்தா அவ பத்துத் தடவை ஏத்தி எறக்கியிருப்பா. சித்திரையில சுவிட்சை நான் விடாமப் புடிச்சிருந்தாக் கூட எறக்கியிருப்பா. அவளும் எறக்கியிருப்பா, அதுவும் எறங்கியிருக்கும். நான்தான் விடலை. அந்த மண்ணுலயே உக்காந்து அழுதனுங்க, சொல்றதுக்கென்ன.

ஊட்டுக்குப் போனேன். வாசல்லயே சேர் போட்டு உக்காந்திருக்கறா. எனக்காகத்தான் பாத்துட்டு இருந்திருக்கா. மொகமெல்லாம் ஒரு மாதிரி ஆவலா இருக்குது. "எப்படிங்க மாமா பறந்துச்சு?"ன்னு கேட்டா. சொல்லிருக்கலாம். நீ ஓட்டுனாலும் விழுந்திருக்காதுன்னு சொல்லோணும்னுதான் வழியெல்லாம் நெனச்சுட்டுப் போனேன். அந்தக் கையைப் பாத்தேன், மடியில கெடக்குது. "காத்து சரியில்லை துளசி. ஏத்தவே இல்லை"ன்னுட்டேன்.

அவ திரும்பி வாசல்ல நிக்கற தென்னையைப் பாத்தா. ஒரு கீத்து அசையலை. "சரிங்க மாமா"ன்னா.